1958-க்குப் பொருந்தாத புகைபோக்கி

மாதிரி ரயில்கள் செய்யும் பிரிம்லோ கம்பெனி மூழ்கப் போகிறது என்ற செய்தி இங்கிலாந்தின் கடலோர ஊரான கிளீதோர்ப்ஸுக்கு வந்த செவ்வாய்க்கிழமை, மெதடிஸ்ட் சபைக் கூடத்தில் பிஸ்கட் டப்பாவை யாரும் தொடவில்லை. அதற்கு முன் அப்படி நடந்தது ராணி இறந்த வாரத்தில்தான். அந்த வாரத்திலும் சாக்லேட் பிஸ்கட் மட்டும் எப்படியோ தீர்ந்துபோயிருந்தது.

கூடத்தில் இருந்தவர்கள் மாதிரி ரயில் கழகத்தார். பொம்மை ரயில் என்று வெளியாள் யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவருக்குத் தேநீர் கிடைக்காது. அவர்கள் அத்தனை பேரும் சிறுவயதில் முதன்முதலாகக் கையில் பிடித்தது பிரிம்லோ எஞ்சினைத்தான். பல பேர் மனைவியின் கையைப் பிடித்தது அதற்கு வெகுகாலம் கழித்து, சற்றுக் குறைந்த ஆர்வத்தோடு.

மெல்வின் ஆட்கின் அவர்களில் மூத்தவரும் இல்லை, பணக்காரரும் இல்லை. ஆனால் கழகத்தில் அவர் சொல்தான் செல்லும். ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்துக் கிளை ரயில் பாதையை அரசாங்கம் இழுத்து மூடியதால்தான் அந்த பஸ்ஸே வந்தது. ரயிலை விழுங்கிய பஸ்ஸில் சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்தில் பரண்மேல் ரயில் நிலையம் கட்டினார். இதில் அவருக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

பரண்மேல் எப்போதும் 1958 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. கிளீதோர்ப்ஸ் நிலையத்தின் சுவரொட்டியில் அந்தக் கோடையின் சர்க்கஸ். வாசலில் நிற்கும் கார்கள் அந்த வருடத்துக்கு முன் வந்தவை மட்டும். நடைமேடையில் நிற்கும் விரல்நக உயரப் பெண்களின் பாவாடை நீளத்தைக்கூடப் பழைய புகைப்படம் பார்த்துத்தான் தீர்மானித்திருந்தார். குறை ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் மீன் ஏற்றிய பெட்டிகளை இழுத்து வந்த சின்னக் கறுப்பு எஞ்சினின் மாதிரியை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. அதனால் மீன் வண்டி நிற்க வேண்டிய தண்டவாளத்தில் பல வருடங்களாக வெறும் பெட்டிகள் மட்டும் இழுக்க ஆளில்லாமல் நின்றன.

அந்த எஞ்சினைச் செய்யச் சொல்லி மெல்வின் பிரிம்லோவை நச்சரித்தது ஊரறிந்த கதை. தலையில் முடி இருந்த காலத்தில் தொடங்கியது அது. கடைசியில் இந்த வருடம் கம்பெனி இறங்கி வந்தது. செய்கிறோம், ஆனால் போதுமான பேர் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தால்தான் என்றது. அந்தச் சந்தோஷத்தின் சூடு ஆறுவதற்குள் கம்பெனியே தள்ளாடுகிறது என்ற செய்தி.

"மீன்பிடி போச்சு. பியர் விலையும் கைக்கெட்டாமப் போச்சு. இப்ப பிரிம்லோவும் போகுது," என்றார் ட்ரெவர் ஸ்பூனர். கழகத் தலைவர். துக்கம் விசாரிக்க என்றே செய்த முகம்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்கப்பா ரயில் வாங்குது? எல்லாம் போனைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கு," என்றார் நைஜல் குவின்ஸி. அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். எந்தக் கேட்டுக்கும் பிள்ளைகளே காரணம் என்பது அவருடைய தொழில் அனுபவம்.

"நீ கடைசியா எப்ப வாங்கின?" என்று கேட்டார் மெல்வின்.

"போன மாசம்கூட வாங்கினேனே. கிரிம்ஸ்பில அந்த டென்டிஸ்ட் செத்துப்போனாரே, அவர் சம்சாரம் எல்லாத்தையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டா. பாவம், நல்ல மனுஷி."

செத்தவரிடம் வாங்கினால் பிரிம்லோவுக்கு ஒரு பென்னிகூடப் போகாது என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

"நான் புதுசாத்தான் வாங்கறேன்," என்றார் ட்ரெவர். "ஆனா டப்பாவைத் திறக்க மாட்டேன். திறந்தா மதிப்பு போயிடும்."

"உள்ள செங்கல்லை வச்சுக் கொடுத்தாக்கூட உனக்குத் தெரியப் போறதில்ல," என்றார் மெல்வின்.

"செங்கல்லா இருந்தா என்னடா? திறக்காத செங்கல் அது."

பிரிம்லோ வாழ வேண்டும் என்று அன்றைக்கு ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. யார் யார் எஞ்சினுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறீர்கள் என்று செயலாளர் கேட்டபோது, கூடம் முழுக்கத் திடீரென்று காலணிக் கயிறு அவிழ்ந்துவிட்டது. எல்லோரும் குனிந்தார்கள். காரணமும் நியாயமானதுதான்: மெல்வின் இன்னும் மாதிரியைப் பார்க்கவில்லை. மெல்வின் சரி என்று சொல்லாத எஞ்சினை வாங்குவது, மருமகளைப் பார்க்காமலே தாலி எடுத்து வைப்பது மாதிரி.

அக்டோபரில் விளையாட்டு மைய அரங்கில் வருடாந்தர மாதிரி ரயில் கண்காட்சி. பிரிம்லோவிலிருந்து ஜெம்மா என்ற பெண் வந்திருந்தாள். முன்பெல்லாம் நான்கு பேரும் ஒரு லாரியும் வருவார்கள். இந்த முறை அவளும் ஒரு மடக்கு மேஜையும்தான். மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சின்னக் கறுப்பு எஞ்சின்.

மெல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்தார்.

"கண்ணு, இதைக் கொஞ்சம் வெளிய எடுக்கறியா?"

எடுத்துக் கையில் கொடுத்தாள். பின்னால் கழகமே வரிசையில் நின்றது. நைஜலின் கையில் பர்ஸ்கூட இருந்தது. அது அபூர்வக் காட்சி. மெல்வின் ஆணிகளை எண்ணினார். சரி. சக்கர ஆரங்களை எண்ணினார். சரி. விளக்கு மாட்டும் கொக்கிகூடச் சரி. பிறகு புகைபோக்கிக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"என்ன சார்?" என்றாள் ஜெம்மா. அவள் குரலில் அந்தத் தொழிலில் சில வருடம் குப்பை கொட்டியவளின் பயம் தெரிந்தது.

"புகைபோக்கி குட்டையா இருக்கும்மா. இது அறுபத்தொண்ணுல மாத்தினப்புறம் வந்தது. அம்பத்தெட்டுல இன்னும் ஒரு முடி உசரமா, விளிம்பு வச்சு இருந்துச்சு."

"ஒரு முடின்னா எவ்வளவு சார்?"

மெல்வின் காட்டினார். அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவே வெளிச்சம்கூடப் போகவில்லை.

ஜெம்மா குனிந்து தணிந்த குரலில் பேசினாள். "ஆட்கின் சார், உங்ககிட்ட மறைக்கல. இன்னைக்குச் சாயங்காலத்தோட ஆர்டர் முடியுது. எண்ணிக்கை தேறினா உற்பத்தி தொடங்குவாங்க. தேறலன்னா இந்த எஞ்சினைத் தூக்கிடுவாங்க. அச்சைத் திருத்த ஒரு வருஷம் ஆகும். எங்ககிட்ட ஒரு வருஷம் இல்ல. நீங்க மட்டும் நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மெல்வின் திரும்பிப் பார்த்தார். வரிசையில் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை. அவருடைய ஆயுள் ஆசை அந்த ஒரு வார்த்தையில் நின்றது. பொய்கூட இல்லை. எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது.

"நல்லாயிருக்கு," என்றார் மெல்வின். ஜெம்மா மூச்சு விட்டாள். "ஆனா அம்பத்தெட்டுக்குச் சரியில்ல."

நைஜலின் பர்ஸ் பைக்குள் போன சத்தம் அரங்கின் அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். "நான் ரெண்டாவது தடவை செய்யறப்ப வாங்கிக்கறேன்," என்றார் அவர். "அப்ப திருத்தியிருப்பாங்க இல்ல?" அதையே வரிசை முழுக்க ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். நிறைய பேர் ஜெம்மாவிடம், கம்பெனி நிலைமை கேட்டு மிகவும் வருத்தம் என்று மனதாரச் சொல்லிவிட்டே போனார்கள்.

வீட்டில் மெல்வினின் மனைவி பெரில் பொரித்த ஹாடக் மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள். "வாங்கினியா, இல்லியா?"

"எப்படி வாங்கறது? 1958ல அது ஓடியிருக்காது."

"அப்ப உன் பரணை அறுபத்திரண்டா மாத்திக்கோயேன். நாலு வருஷம்தானே, மெல்? என் சமையல்கட்டு எழுபத்தொன்பதுலயே நிக்குது. நான் ஒருநாள் வாயத் திறந்திருப்பேனா?"

மதம் மாறச் சொன்ன மாதிரி இருந்தது மெல்வினுக்கு. உருளைக்கிழங்கை மென்றபடி, இவளோடு இத்தனை வருடம் எப்படிக் காலம் தள்ளினோம் என்று யோசித்தார். மறுநாள் காலை பரண் ஏறியவர், சர்க்கஸ் சுவரொட்டியின் ஒரு மூலையை நகத்தால் மெல்ல உரித்துப் பார்த்தார். அது சுலபமாக வந்தது.

குளிர்காலம் முழுக்க 1958 உரிந்தது. சுவரொட்டிகள் போயின. கார்கள் மாறின. பெண்களின் பாவாடைகளை ஒவ்வொன்றாக அரம் வைத்து ராவி முழங்காலுக்கு ஏற்றினார். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் வரலாறு கேட்டது. செய்தித்தாள் கடையின் முன்பலகையில் தலைப்புச் செய்தியைக்கூட பூதக்கண்ணாடி வைத்து மாற்றி எழுதினார். வசந்தம் வந்தபோது பரண்மேல் 1962 ஆகியிருந்தது. அந்தக் குட்டைப் புகைபோக்கிக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் இங்கிலாந்தில் வேறு எங்கும் இல்லை.

அன்றைக்கே பிரிம்லோவுக்குப் போன் செய்தார். யாரோ ஒரு ஆண் எடுத்தான். பிரிம்லோ பெயரை இப்போது தோட்டக் கொட்டகை விற்கும் கம்பெனி ஒன்று வாங்கியிருக்கிறது, மீதிச் சரக்குப் பாதி விலையில் கிடைக்கும் என்றான். கறுப்புச் சின்ன எஞ்சினா? அப்படி ஒன்று செய்யப்படவே இல்லை. கொட்டகை வேண்டுமா?

பாதி விலை விற்பனைக்குக் கழகமே வேன் பிடித்துப் போனது. ட்ரெவர் இரண்டு கை நிறைய டப்பாக்களோடு வெளியே வந்து, "இப்படி ஒரு கம்பெனியைச் சாக விட்டுட்டாங்களே, பாவிங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெல்வின் எதுவும் வாங்காமல் வேனில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து அவருக்கு ஆறுதல் சொல்ல ட்ரெவர் வீட்டுக்கு வந்தார். ஏணி ஏறி, மூச்சு வாங்க, புதிய 1962ஐ முதன்முதலாகப் பார்த்தார். எஞ்சின் இல்லாத மீன் பெட்டிகள் அதே இடத்தில் நின்றன. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நடைமேடை ஓரமாகக் குனிந்தார்.

"மெல்வின்," என்றார், "தப்பா எடுத்துக்காத. அறுபத்திரண்டுல இங்க கேஸ் விளக்கு இருந்துச்சா? எலக்ட்ரிக் வந்துடலை?"

மெல்வின் அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார். சரிதான். கண்காட்சிக்குப் பிறகு முதன்முறையாக அவர் முகம் தெளிந்தது.

"உக்காருடா," என்றார். "அந்தப் புகைப்பட ஆல்பத்தை எடு. பெரில், ரெண்டு டீ."

கீழிருந்து பெரில் கேட்டாள். "எந்த வருஷத்துக்கு?"