பூ போட்டுப் பார்த்த விடுமுறை

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் பூ போட்டுத்தான் முடிவு செய்வோம். வீடு வாங்கினது, லோரியை மாற்றினது, எல்லாம் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழை இலையில் வைத்து நூலால் கட்டி அம்மன் காலடியில் வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியக் கூடாது. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். என்ன நிறம் வருகிறதோ அதுதான் பதில். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

எனக்கு இந்த முறை பிடிக்கும். பேச்சு மிச்சம்.

என் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள். கல்லூரி கோலாலம்பூரில். அங்கேயே பிரிக்பீல்ட்ஸில் தோழிகளோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வாரக் கடைசியில் ரயில் பிடித்துக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வரும்போது பை நிறைய அழுக்குத் துணி. போகும்போது பை நிறைய சாப்பாடு.

போன வருஷம் இரண்டாம் ஆண்டுப் பரீட்சை முடிந்து நீண்ட விடுமுறை வந்தது. அதுதான் கடைசி நீண்ட விடுமுறை என்றாள். மூன்றாம் ஆண்டு வந்தால் ஆஸ்பத்திரி வார்டுதான். அப்புறம் லீவு என்பதே சும்மா பேருக்கு.

அந்த லீவுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, எங்கள் தாமானில், அதாவது நாங்கள் இருக்கும் குடியிருப்பில், உள்ள கிளினிக். அந்த டாக்டர் அவளுக்குச் சின்ன வயதில் ஊசி போட்டவர். பக்கத்தில் உட்கார்ந்து பார், கற்றுக்கொள் என்று கூப்பிட்டார். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மத்தியானம் வந்து சாப்பிட்டுத் தூங்கலாம். இன்னொன்று, கடல் தாண்டி இருக்கிற சரவாக் மாநிலம். அவளுடைய விரிவுரையாளர் ஒருவர் மாணவர்கள் சிலரை அங்கே காட்டுக்குள் இருக்கும் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போகிறார். சாலை இல்லாத இடம். ஆற்றில் படகேறிப் போய் ஊர் ஊராக வைத்தியம் பார்க்க வேண்டும்.

படகு என்றதுமே என் மனைவிக்கு முகம் மாறிவிட்டது.

"நீச்சல் தெரியாத பிள்ளைக்கு ஆத்துல என்னா வேலை?"

"லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்கம்மா."

"முதலை அதையும் சேத்துத்தான் முழுங்கும்."

"முதலை கிள்ளான் ஆத்துலயும் இருக்குலா."

"நான் உன்னை கிள்ளான் ஆத்துல எறக்கியா விட்டேன்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க என்னாங்க சொல்றீங்க?" என்றாள் மனைவி.

"ரசம் இருக்கா?"

மகளுக்கும் ஒரு நிலையில்லை. காலையில் சரவாக் என்பாள். மத்தியானம் மீன் குழம்பைப் பார்த்ததும் கிளினிக் என்பாள். ராத்திரி ஆற்றுப் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். விரிவுரையாளர் வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் பதில் கேட்டிருந்தார். வியாழக்கிழமை வரைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை.

"பூ போட்ருவோம்" என்றாள் மனைவி.

"அம்மா, நான் மனுஷ உடம்பை அறுத்துப் படிக்கிறேன். என்னைப் போயி பூ போட்டுப் பாக்கச் சொல்றீங்க."

"நீ டாக்டருக்குப் படிக்கிறதே பூ போட்டுப் பாத்துத்தானே?"

அது உண்மை. அன்றைக்கு வேறு நிறம் வந்திருந்தால் கணக்குப் படித்திருப்பாள். மகள் யோசித்து யோசித்துக் களைத்துப் போயிருந்தாள். சரி என்றாள். வெள்ளை வந்தால் கிளினிக். சிவப்பு வந்தால் சரவாக். பொட்டலம் கட்டும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். அடுப்படியில் திரும்பி நின்று கட்டினாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சின்னக் கோயில். மத்தியானத்தில் ஆள் இருக்காது. பூசாரி எங்களுக்குப் பழக்கமானவர். மகளைப் பார்த்ததும் வேட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"டாக்டரம்மா, இந்த முட்டி வலிக்கு என்னா செய்யலாம்?"

"முட்டி அடுத்த வருஷம்தான் சாமி."

"அதுவரைக்கும் நொண்டிக்கிட்டா இருக்கிறது?"

பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து நூலை அவிழ்த்தார்.

வெள்ளை. நந்தியாவட்டை.

"சரி" என்றாள் மகள்.

அந்தச் சரி எனக்குத் தெரியும். என் மனைவி எனக்குச் சொல்கிற சரி அது.

திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மகள் செருப்பு போடாமல் படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். மனைவி பக்கத்தில் நின்று அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா எழுதற?"

"வரலைன்னுதான்."

"படிச்சுக் காட்டு."

இங்கிலீஷில் எழுதினதை அவள் தமிழில் சொன்னாள். "சார், எனக்கு ரொம்ப ஆசைதான். ஆனா வீட்டுல வேற மாதிரி முடிவாயிருச்சு. என் எடத்தை வேற யாருக்காவது குடுத்துருங்க."

குரலில் ஒன்றும் இல்லை. மூக்கு மட்டும் சிவந்திருந்தது. அனுப்பக் கட்டைவிரலைத் தூக்கினாள்.

"இரு. அனுப்பாத" என்றாள் மனைவி. மறுபடி உள்ளே போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

"சாமி, அந்த இன்னொண்ணையும் பிரிங்க."

பூசாரி கையை உதறினார். "அதெல்லாம் பிரிக்கக் கூடாது அக்கா. அம்மன் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்."

"பிரிங்க சாமி."

பிரித்தார். அதுவும் நந்தியாவட்டை.

நான் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தேன்.

"செவப்பு கிடைக்கல சாமி" என்றாள் மனைவி.

பூசாரி வெளியே பார்த்தார். கோயில் வேலி முழுக்கச் செவ்வரளி பூத்துக் கிடந்தது.

"எனக்குத் தெரிஞ்சு அம்மன்கிட்ட இந்த வேலை காட்டின ஆளு நீங்க ஒருத்தர்தான் அக்கா. வெளங்குமா?"

"அவளும் பிள்ளை பெத்தவதானே. கோவிச்சுக்க மாட்டா."

முதலில் சிரித்தது மகள்தான். தரையில் அப்படியே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா, ரெண்டுமே வெள்ளையா!" பூசாரிக்கும் அடக்க முடியவில்லை. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்றாள்.

"சரி, ரெண்டு செவ்வரளி பறிச்சிட்டு வாறேன். ஒழுங்கா ஒரு தடவை போட்ருவோம்" என்றார் பூசாரி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேணாம் சாமி. அவளே சொல்லட்டும்" என்றேன். அன்றைக்கு நான் பேசினது அவ்வளவுதான்.

மகள் எழுந்து பாவாடையைத் தட்டினாள்.

"நான் போறேன்மா. கடைசி ரெண்டு வாரம் வீட்டுலதான் இருப்பேன். கிளினிக் அப்ப போய்க்கிறேன்."

மனைவி அம்மனைப் பார்த்தாள். அப்புறம் மகளைப் பார்த்தாள்.

"நீச்சல் கத்துக்கிட்டுப் போ" என்றாள்.

படகுப் பயணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மறுநாளே பொது நீச்சல்குளத்துக்குப் போய் விசாரித்தேன். சொல்லிக்கொடுக்க ஒரு சீன ஆன்டி கிடைத்தார். குட்டையான ஆள், பெரிய குரல். அதைவிடப் பெரிய குரல் என் மனைவிக்கு. தினமும் கூடவே வந்தாள். குளத்தோரம் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு கத்துவாள். "காலை அடி! கையை நல்லா விரி! தலையைத் தூக்காத!" கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினவள் இல்லை.

சீன ஆன்டி என்னிடம் வந்து மலாய் மொழியில் கேட்டார், உங்கள் மனைவி முன்னே போட்டிகளில் நீந்தினவரா என்று. இல்லை என்றேன். அவர் குடையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குளத்துக்குப் போனார்.

முதல் சில நாள் மகள் தண்ணீரைக் குடித்ததுதான் அதிகம். இருமிக்கொண்டே ஓரத்தைப் பிடிப்பாள். மனைவி துண்டை நீட்டுவாள், உடனே பிடுங்கிக்கொண்டு, "போ, மறுபடி" என்பாள். தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவள், மகளைத் தண்ணீருக்குள் விரட்டிக்கொண்டிருந்தாள்.

விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் மகள் குளத்தின் குறுக்கே நீந்தினாள். நடுவில் எங்கும் நிற்கவில்லை. நீச்சல் அழகாக ஒன்றும் இல்லை. நாய்க்குட்டி போலத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி, இந்தப் பக்கம் வந்து அம்மாவின் காலைப் பிடித்தாள்.

"போதுமாம்மா?"

மனைவி குடையை மடக்கினாள். என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஆறு இதைவிட அகலமா இருக்குமாங்க?"

"இருக்கும்."

"அப்ப நாளைக்கும் வரணும்" என்றாள்.