நான் வாசிக்காமல் விட்ட ஐந்தாவது வரி

ஓர் அச்சுத்தாளில் இருந்த ஒரு வரியை நான் வேண்டுமென்றே வாசிக்காமல் விட்டேன். என் தங்கையின் மூச்சு கெட்டது அதனால்தான். இத்தனை ஆண்டுகளில் இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல முடிகிறது, நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதால்.

நான் பாகூர்ப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். ஒவ்வோர் ஆண்டும் கிரியா ஊக்கி பற்றிப் பாடம் எடுப்பேன். தான் செலவழியாமல் ஒரு வினையை விரைவுபடுத்தும் பொருள், இம்மியளவு போதும். அதே பாடத்தில் அடுத்த பத்தி ஒன்று உண்டு. சில பொருள்கள் ஊக்கியின் வேலையையே கெடுத்துவிடும். அவற்றுக்கு ஊக்கி நச்சு என்று பெயர். அதுவும் இம்மியளவு போதும்... இதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அஞ்சலை என் ஒரே தங்கை. அடுத்த வீட்டிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கணவன் கோதண்டம் கரும்பு போடுகிறவன்; தொழுவத்தில் ஏழெட்டு மாடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அவள் அடுப்பில் கரும்புச் சோகையும் ஈரச் சவுக்கு மிலாறும் எரியும். விடியற்காலையில் அவள் இருமுவதைக் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் கோபர் கேஸ் வந்தது. சாணத்தைக் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து எரிவாயு தரும். அந்த உயிர்களுக்குள் இருந்து வேலை செய்பவை நொதிகள். நொதியும் கிரியா ஊக்கிதான், உயிருள்ளவை தாமே செய்துகொள்வது. புகை கிடையாது, விறகு வேண்டாம், மிஞ்சிய கரைசல் வயலுக்கு எரு. கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருந்த ஒன்று அடுப்பில் நீலமாக எரியப்போகிறது! எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

ஆனால் என்னிடம் இருந்தவை இரண்டு மாடுகள். அவை போதாது. ஆகவே கோதண்டத்தோடு பேசினேன். மாடு அவனுடையது, அலைச்சல் என்னுடையது. வேலியோரம் ஒரே தொட்டி, இரண்டு வீட்டுக்கும் குழாய்.

"ஒரே குடும்பம்தானே மச்சான், இதுல இன்னா பேச்சு?" என்றான்.

அரசு மானியத்துக்காக எட்டு மாதம் அலைந்தேன். பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தின் மரப்பெஞ்சில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன்! வில்லியனூருக்கும் புதுச்சேரிக்கும் எத்தனை பஸ்! விண்ணப்பம் எழுதியது நான், ஆங்கிலத்தில் வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதியது நான். அவன் கையெழுத்து மட்டும் போட்டான்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன்... வேலியோரம் ஒன்றுமில்லை. அவன் மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம் குழி வெட்டியிருந்தது. மேஸ்திரி என்னைப் பார்க்காமல் செங்கல்லை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரு வூட்டுக்குத்தான் பத்துமாம் மச்சான். ஒனக்கு அப்பறம் பாத்துக்கலாம்" என்றான் கோதண்டம், மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே.

அவன் செய்ததைக்கூட நான் செரித்துக்கொண்டிருப்பேன். சமையல்கட்டு வாசலில் அஞ்சலை நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல். என் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பெண்! அண்ணனுக்காக ஒரு சொல் அவளுக்கு வரவில்லையே... இருவரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

தொட்டி கட்டி முடிந்து, வாயு சேர்வதற்கான இரும்பு டிரம்மையும் கவிழ்த்தார்கள். அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது, என்னென்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோதண்டம் கூச்சமே இல்லாமல் என்னைக் கூப்பிட்டனுப்பினான். போனேன். நல்ல வெயில். முற்றத்தில் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன்.

சாணமும் தண்ணீரும் சரிபாதி. வைக்கோலும் மணலும் சேரக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் வேறு தொட்டியிலிருந்து நாலு குடம் கரைசல் கொண்டுவந்து ஊற்றினால் சீக்கிரம் வேலை செய்யும், தயிருக்கு உறை ஊற்றுவது போல. பக்கத்தில் பீடி பிடிக்கக் கூடாது.

ஐந்தாவது வரி: பினாயில், சோப்புத் தண்ணீர் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது, போனால் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

தலையை நிமிர்த்தினேன். கொட்டகைத் தூணில் பினாயில் டப்பா தொங்கிற்று. அந்த ஆண்டு கோமாரியில் ஒரு கன்று செத்தது முதல் அஞ்சலை இரண்டு வேளையும் பினாயில் ஊற்றித்தான் தரையைக் கழுவுவாள். கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலை மேஸ்திரி நேரே சாணம் கரைக்கும் தொட்டியில் விட்டிருந்தார். எல்லாமே ஒரே பார்வையில் தெரிந்தது.

நான் ஆறாவது வரிக்குப் போனேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. கை எதையும் தொடவில்லை... ஆனால் இதோடு நிற்கவில்லை. அஞ்சலை வாய்விட்டுக் கேட்கவும் கேட்டாள்:

"அண்ணே, கொட்டாய் கழுவுற தண்ணியும் அதுலியே போவுதே, பரவால்லியா?"

"தண்ணிதானே. போவட்டும்."

இந்த இரண்டு சொல்லை நான் எந்தக் கணக்கில் வைப்பது? நீங்கள் சொல்லுங்கள்.

டிரம் எழும்பவே இல்லை. எப்போதாவது விரற்கடை எழும்பும். குழாயைத் திறந்து தீக்குச்சி காட்டினால் குச்சிதான் அணையும். ஊரில் அவனுக்கு 'டிரம் கோதண்டம்' என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில் அந்தப் பெயரைக் கேட்டு நானும் சிரித்தேன். ஒரு மாதம் திண்டாடட்டும், வந்து கெஞ்சட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்பதுதான் என் திட்டம். அவன் வந்தான். கெஞ்சவும் செய்தான். குளிரில் கேஸ் ஊறாது, பனி போகட்டும் மாப்ள என்றேன். பனி போனது. சாணி சரியில்லை என்றேன். நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமலே போயிற்று. சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்வி வருமே! ஓர் ஆண்டில் அவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

கோதண்டத்தைப் பழிவாங்கினேன் என்றுதான் நினைத்திருந்தேன். என்ன மடமை... கோதண்டம் என்றைக்கு அடுப்பின் முன் உட்கார்ந்தான்? ஊதுகுழலும் புகையும் அவளுக்குத்தானே! படித்தவனான எனக்கு இது தோன்றாமலா இருந்தது? தோன்றியது. அவள் பேசாமல் நின்றாளே என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவளைப் புதுச்சேரிக்கு டாக்டரிடம் அழைத்துப் போனது நான்தான். எத்தனை வருஷமாக விறகடுப்பு என்று கேட்டார். அவள் விரல் விட்டு எண்ணினாள். இப்போது கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நடுவில் ஒரு முறை உட்கார்ந்துவிடுகிறாள்.

போன மாதம் துருப்பிடித்த டிரம்மைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டார்கள். அவர் குழாயைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள் மகள் வசந்தா, ப்ளஸ் டூ படிக்கிறவள், பெட்டியிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துவந்து வேடிக்கையாக வாசித்துத் தமிழில் சொன்னாள். நான் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"இன்னாம்மா இது, பினாயிலு கூடாதுன்னு போட்டிருக்கு? நீ தெனம் ஊத்துவியே. மாமா, நீங்கதானே இத படிச்சி சொன்னீங்க?"

கோதண்டம் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்குமுன் அஞ்சலை முந்திக்கொண்டாள்.

"அன்னிக்குப் பொழுது சாஞ்சி போச்சிடி. இருட்டுல எழுத்து தெரிஞ்சிருக்காது. இல்லண்ணே?"

"ஆமாம்" என்றேன்.

அன்று காலை பத்து மணி வெயில் என்பது அவளுக்கும் தெரியும்.

இரும்புக்காரர் பிடுங்கிய குழாயைத் தூக்கிக் காட்டினார். நடுவில் ஒரு கிளை பிரிந்து எங்கள் வேலிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கு மூடி போட்டு முறுக்கியிருந்தது. "இது எங்கம்மா போவுது?" என்று கேட்டார்.

அஞ்சலை கணவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அது எங்க அண்ணன் வூட்டுக்கு. மேஸ்திரி கையில காலுல வுழுந்து மண்ணுக்குள்ள வுட்டு வெச்சேன். கேஸ் வந்துட்டா, அப்பறம் சண்ட போட்டாவது இழுத்துடலாம்னு..." அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது.

அந்தக் குழாய்த் துண்டை அவர் எடைக்குப் போடவில்லை. அவள் வாங்கி என் கையில் கொடுத்தாள். அதை மன்னிப்பென்று நான் நினைத்துக்கொள்ள முடியாது... நான் இன்னும் ஒப்புக்கொள்ளவே இல்லையே! 'ஆமாம்' என்றல்லவா சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்கு ஊக்கி நச்சுப் பாடம். குழாய்த் துண்டு என் மேசைமேல், திருத்த வேண்டிய நோட்டுகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மூடியைக் கழற்றப் பார்த்தேன், துருவேறி இறுகிவிட்டது. இன்று விடியற்காலையிலும் அவள் இருமுவதைக் கேட்டுத்தான் எழுந்தேன்.