ஏழு குறுக்குத் தாள்கள்

டொரீன் கான்ஸ்டன்ஸ் ராஃபேல் (1938–1996). ஜெராம் என்னும் ஊருக்கு வடக்கே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் மருத்துவமனையில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராகப் பணியாற்றிய ராஃபேலின் மூத்த மகள். கிள்ளானில் கன்னிமாடப் பள்ளியில் படித்துத் தட்டச்சில் உயர்நிலைத் தேர்வு பெற்றவர். 1957 முதல் பதினேழு ஆண்டுகள் அதே தோட்டத்தின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். பிறகு கோலா சிலாங்கூர் பட்டணத்தில், பேருந்து நிலையத்திற்கு எதிர் வரிசையில், சொந்தமாகத் தட்டச்சுக் கடை வைத்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவரிடம் கேட்கத் துணிந்தவர் எவரையும் நான் அறியேன்.

அவருடைய குறிப்பேடுகள் இரண்டும் என்னிடம் உள்ளன. அவற்றில் எழுதியிருப்பதையும், உடனிருந்த தோட்டத்துத் தலைமை எழுத்தர் அழகேசன் கூறியதையும் ஒப்பிட்டே இதனை எழுதுகிறேன். இரண்டும் முரண்படும் இடங்களில் குறிப்பேட்டையே ஏற்றுக்கொண்டேன்.

டொரீன் கடை வைத்திருந்த இடம், மீரா முகைதீன் என்பவரின் காகிதக் கடையில் பாதி. மீரா முகைதீன் நகலெடுக்கும் இயந்திரமும் வைத்திருந்தார். 1986 நடுவில் அவர் ஒரு கணினியையும், நெல் ஆலை ஒன்று கழித்துவிட்ட அகன்ற அச்சுப்பொறியையும் வாங்கி வந்து டொரீனின் மேசையில் வைத்தார். கணினியில் வோர்ட்ஸ்டார் என்னும் எழுத்துச் செயலி இருந்தது. ஐந்தே வாரங்களில் டொரீன் அதனைக் கையாளப் பழகினார். ஒவ்வொரு கட்டளையையும் குறிப்பேட்டில் எழுதி, அது செய்த வேலையையும் எதிரே எழுதிவைத்தார். வேலை செய்யாத கட்டளைகளுக்கும் தனிப் பக்கம் உண்டு.

அந்த ஆண்டின் இறுதியில் அவர் பிறந்த தோட்டம் கைமாறியது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடப்போவதாகப் புதிய நிர்வாகம் அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைத்தவர்களுக்கு மட்டும் சாலையோரத்தில் மலிவு விலை வீடு கிடைக்கும். மற்றவர்கள் வெளியேற வேண்டும். வீட்டுத் திட்டத்தை நடத்திய அலுவலகம் ஒரு பட்டியல் கேட்டது. ஓய்வு பெற்றவர், இறந்தவர் உட்பட ஒவ்வொரு வீட்டிலும் உழைத்த அனைவரின் பெயரும், அடையாள அட்டை எண்ணும், பிறந்த நாளும், வேலையில் சேர்ந்த நாளும், உழைத்த ஆண்டுகளும் அதில் இருக்க வேண்டும். இவையும் பிறவுமாக மொத்தம் பதினான்கு பத்திகள். இருநூற்றுப் பத்துப் பெயர்கள்.

பதினான்கு பத்திகள் நிமிர்ந்த தாளில் அடங்கா. ஆகவே 1987 ஜனவரியில் டொரீன் பட்டியலை இரண்டாகப் பிரித்து அச்சிட்டார். இடப்புறத் தாளில் பெயர் முதலிய விவரங்கள். வலத் தாளில் வேலை விவரங்கள். வலத் தாளில் பெயருக்கு இடமில்லாததால் தோட்டத்துப் பேரேட்டு எண்ணை மட்டும் முதல் பத்தியில் இட்டார்.

அந்தத் தோட்டத்தில் வெகுநாளாக ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்கு ஒரே எண். கணவனுக்கு எந்த எண்ணோ, அதுவே மனைவிக்கும். மகன் வேலைக்குச் சேர்ந்தால் அவனுக்கும். காலையில் பெயர் கூப்பிடும் மண்டோர் என்னும் மேற்பார்வையாளர் எண்ணைச் சொன்னால் வீட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரே குரலில் பதில் வரும். தோட்டத்தில் வளர்ந்த டொரீனுக்கு அது மூச்சுவிடுவதைப் போல இயல்பானது. வீட்டுத் திட்ட அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியாது என்பது அவர் மனத்தில் தோன்றவே இல்லை.

மார்ச் 17, செவ்வாய்க்கிழமை. தோட்டத்தின் பெரிய கிராணி அழகேசனும், பால்வெட்டுத் தொழிலாளி வள்ளியம்மாவும் கடைக்கு வந்தார்கள். வள்ளியம்மாவின் கணவர் இருசப்பன் 1984இல் இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகளோடு லயத்தில் இருந்த அந்த அம்மாள் வீட்டுத் திட்ட அலுவலகம் அனுப்பியிருந்த கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

“அக்கா, இருவத்தி நாலு வருசம் பால் வெட்டுனேன்லா. ஒரு வருசங்கூட வேல செய்யலன்னு எழுதியிருக்காங்களாம். அப்ப அந்த மரத்தையெல்லாம் பேயா வெட்டுச்சு?”

டொரீன் கடிதத்தைப் படித்தார். பிறகு தம்மிடமிருந்த நகலை எடுத்து இரு தாள்களையும் சேர்த்துப் பார்த்தார். எண் 214, இருசப்பன், முப்பத்து மூன்று ஆண்டுகள். எண் 214, வள்ளியம்மா, இருபத்து நான்கு ஆண்டுகள். பிழை ஏதும் இல்லை.

“இங்க சரியாத்தானே இருக்கு, கிராணி?”

“இங்க சரிதாம்மா. நான் ஆபீசுக்கே போய்ப் பார்த்துட்டு வாறேன்,” என்றார் அழகேசன். “ரெண்டாவது தாள்ல 214 ரெண்டு தடவ வருதுல்ல? பேரு கிடையாது. ரெண்டு தடவ டைப் பண்ணிட்டாங்கன்னு நெனச்சு, கீழ இருக்கிறத செவப்புப் பேனாவால அடிச்சுட்டாங்க. இப்படி நூத்துக்கு மேல அடிச்சிருக்காங்க. புருசன் இருக்கிற வீட்டுக்குப் பிரச்சின இல்ல, மொத பேரு தப்பிச்சுக்கிச்சு. புருசன் செத்துப்போன வீடு பத்தொம்பது, செத்தவருக்கு வீடு கிடையாது. பத்தொம்பது பொம்பளைங்களும் லிஸ்ட்டுல இல்ல.”

டொரீன் இரு தாள்களையும் மடித்து வைத்தார். “அப்ப தப்பு என்னோடதுதான். பேரில்லாத தாள யார் கையிலயும் குடுத்திருக்கக் கூடாது. திருப்பி அடிச்சுக் கொடுத்தா வாங்கிக்குவாங்களா?”

“வெள்ளிக்கிழம மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் வாங்குவாங்க. ஆனா ஒருத்தருக்கு ஒரு வரி, எல்லாம் ஒரே தாள்ல இருக்கணுமாம். ரெண்டு தாளு, ஒட்டுன தாளு எதுவும் வேணாமாம். மூணு காப்பி.”

“பதினாலு பத்தியும் ஒரே தாள்லயா?” என்று மறுபாதிக் கடையிலிருந்து மீரா முகைதீன் கேட்டார். “வேணும்னா வேட்டியில அச்சடிச்சுக் கொடுக்கலாம்.”

“வேட்டி வேணாம் பாய். ஒரு ஏ-ஃபோர் தாளு குடுங்க,” என்றார் டொரீன். வாங்கிய தாளை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, ஒரு கால் வட்டம் திருப்பினார். “இப்படி வச்சு அடிச்சா போதும். வள்ளியம்மா, நீ வீட்டுக்குப் போ. வெள்ளிக்கிழம உன் வரி உன் பேரோட போகும்.”

குறிப்பேட்டில் அன்றைய பக்கம் கணக்குகளால் நிறைந்திருக்கிறது. ஒரு வரிக்கு வேண்டியவை 168 எழுத்துகள். தட்டச்சுப் பொறியில் ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. தாளைக் குறுக்காக வைத்தாலும் 117க்கு மேல் அடங்காது. அச்சுப்பொறியின் நெருக்க எழுத்தில் அங்குலத்துக்குப் பதினேழு. குறுக்குத் தாளில் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அடங்கும். நெல் ஆலையின் அச்சுப்பொறி அகலமானது. குறுக்குத் தாளை எளிதில் விழுங்கும்.

“கைட் புக்க மூணு வாட்டி படிச்சுட்டேன், டொரீன்மா,” என்றார் மீரா முகைதீன். “தாளத் திருப்புறதப் பத்தி ஒரு எழுத்து இல்ல.”

“திருப்புறதுன்னு ஒரு கட்டள இருக்காது பாய். அகலம் எவ்வளவுன்னு சொல்லிட்டா அது அடிச்சிட்டுப் போகுது.”

வலது ஓரத்தை 175க்கு நகர்த்தினார். திரையில் ஒரு நேரத்தில் எண்பது எழுத்துகளே தெரியும். மீதியைக் காண வரியை இடப்பக்கம் தள்ள வேண்டும். பெயர் தெரிந்தால் ஆண்டு தெரியாது. ஆண்டு தெரிந்தால் பெயர் தெரியாது. ஐம்பது வரிகளைச் சோதனைக்காகத் தட்டச்சு செய்து, தாளைக் குறுக்காக இட்டு, அச்சிடும் கட்டளையைக் கொடுத்தார். ஒற்றைத் தாள் இடுவதற்காக, தாள் தீர்ந்ததை உணர்த்தும் விசையை முன்பே அணைத்து வைத்திருந்தார்.

முதல் வரிகள் அழகாக வந்தன. பதினான்கு பத்திகளும் ஒரே வரியில் நின்றன. அழகேசன் கைதட்டினார். ஆனால் தாள் முடிந்து வெளியே விழுந்த பிறகும் அச்சுப்பொறி நிற்கவில்லை. வெற்று உருளைமேல் தொடர்ந்து அடித்துக்கொண்டே போயிற்று. டொரீன் விசையை நிறுத்தியபோது கறுப்பு உருளையில் எட்டுப் பெயர்கள் மை பளபளக்கப் பதிந்திருந்தன.

மீரா முகைதீன் குனிந்து பார்த்தார். “பரவால்லயே! எட்டுக் குடும்பத்துக்கு ரோலர்லயே வீடு கொடுத்துட்டீங்க.”

“சிரிங்க பாய், சிரிங்க. துடைக்கப் போறது நீங்கதான்,” என்று டொரீன் ஸ்பிரிட் புட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

காரணத்தை அவர் கண்டுபிடிக்க அரை மணி நேரமே ஆயிற்று. தாளைத் திருப்பியது அவர் கை. அகலத்தைச் செயலிக்குச் சொன்னார், உயரத்தைச் சொல்லவில்லை. செயலி இன்னும் தாள் நிமிர்ந்தே நிற்பதாக எண்ணி, ஒரு பக்கத்துக்கு அறுபத்தாறு வரி என்று தன் பழைய கணக்கிலேயே இருந்தது. அகலம் கூடினால் உயரம் குறைய வேண்டும். எஃகு அளவுகோலை வைத்து அளந்தார்: குறுக்குத் தாளின் உயரம் எட்டேகால் அங்குலம். அங்குலத்துக்கு ஆறு வரி. நாற்பத்தொன்பது. கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளியும், பக்க நீளத்துக்கான இரண்டு எழுத்துகளும், 49 என்னும் எண்ணும் இட்டார். குறிப்பேட்டில் அதன் எதிரே எழுதியிருப்பது: “தாளைத் திருப்பினால் இரண்டையும் சொல். அகலம் மட்டும் சொன்னால் போதாது.”

அடுத்த தாள் கீழ் ஓரத்துக்கு முன்பே ஒழுங்காக நின்றது.

புதன்கிழமை காலை எட்டு மணி முதல் அழகேசன் பேரேட்டைப் பார்த்து உரக்கப் படிக்க, டொரீன் முழுப் பட்டியலையும் புதிதாகத் தட்டச்சு செய்தார். பழைய கோப்புகளை இணைக்கலாமே என்று அழகேசன் கேட்டார். “ஒட்டுன தாளு வேணாம்னு அவங்க சொன்னாங்க. ஒட்டுன ஃபைலு வேணாம்னு நான் சொல்றேன்,” என்பது பதில். மாலை ஐந்தே காலுக்கு இருநூற்றுப் பத்தாம் பெயர் முடிந்தது. தாளுக்கு முப்பது பெயர், ஏழு தாள்கள்.

வியாழக்கிழமை அச்சிடத் தொடங்குமுன் அவர் இன்னொன்றை எண்ணிப் பார்த்தார். அலுவலகத்தில் எல்லாத் தாளையும் துளையிட்டுக் கோப்பில் சேர்ப்பார்கள். நிமிர்ந்த தாளில் துளை இடப்பக்கம் விழும். குறுக்குத் தாளை அந்தக் கோப்பில் இட்டால் துளை எங்கே விழும்? ஒரு பழைய கோப்பை எடுத்து, சோதனைத் தாளைத் துளையிட்டு மாட்டிப் பார்த்தார். தாளின் தலைப்பகுதி கோப்பின் முதுகுப்பக்கம் வந்தது. துளை பத்தித் தலைப்புகளின் நடுவே விழுந்து, ‘உழைத்த ஆண்டுகள்’ என்ற பத்தியின் தலையைத் தின்றுவிட்டது.

“இதையும் அடிச்சிருப்பாங்க,” என்று சொல்லிக்கொண்டே மேல் ஓரத்தை மூன்று வரியிலிருந்து ஏழு வரியாக்கினார். பின்னர் இருபத்தொரு தாள்களையும் ஒவ்வொன்றாகக் கையால் இட்டு அச்சிட்டார். தாள் சற்றே கோணலாக ஏறியதால் இரண்டை மட்டும் கிழித்துப் போட்டார். மீரா முகைதீன் அந்த இரண்டையும் பொறுக்கி, “இதுக்குக் காசு உண்டா?” என்று கேட்டார். “அந்த எட்டுக் குடும்பத்துக்கிட்ட ரோலருக்கு வாடகை வாங்கிக்கிட்டு அதுல கழிச்சுக்குங்க,” என்றார் டொரீன்.

மார்ச் 20, வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி. டொரீன், அழகேசன், வள்ளியம்மா மூவரும் அலுவலகத்தின் முகப்பு மேசை எதிரே நின்றார்கள். எழுத்தர் கோப்பைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார். எல்லாக் கடிதங்களும் நிமிர்ந்திருக்க இது மட்டும் ஏன் படுத்திருக்கிறது என்று மலாயில் கேட்டார். வாங்க முடியாது என்பதைப் போலக் கோப்பை முன்னால் தள்ளினார். வள்ளியம்மா அழகேசனின் முழங்கையைப் பற்றிக்கொண்டார்.

டொரீன் வாதிடவில்லை. கோப்பைக் கையில் எடுத்தார். கால் வட்டம் வலப்பக்கமாகத் திருப்பினார். மீண்டும் அவர் முன்னே வைத்தார். அளவுகோலை எடுத்து 214ஆம் எண்ணின் கீழே வைத்து, தம் நல்ல மலாயில் விளக்கினார்: இந்த எண் ஒரு மனிதருடையதன்று, ஒரு வீட்டினுடையது. முதல் வரி கணவர், இறந்துவிட்டார். இரண்டாம் வரி மனைவி, இதோ நிற்கிறார். ஒரே எண், இரண்டு பெயர், இரண்டு அடையாள அட்டை.

எழுத்தர் அளவுகோலின் வழியே கண்ணை ஓட்டினார். 214. வள்ளியம்மா. அடையாள அட்டை எண். சேர்ந்த நாள், 1962. உழைத்த ஆண்டுகள், இருபத்து நான்கு. வள்ளியம்மாவின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, எண்ணை ஒப்பிட்டார். பழைய பட்டியலை எடுத்துச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். தலையசைத்தார். அடுத்த வீட்டைத் தாமாகவே தேடினார். பத்தொன்பதையும் பார்த்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது ஏழு தாள்களிலும் ‘பெறப்பட்டது’ என்னும் முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் வள்ளியம்மா கேட்டார்: “என்னக்கா சொன்னாங்க? உண்டா, இல்லயா?”

“உண்டு. நீ வேல செஞ்சிருக்கேன்னு இப்பத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“எனக்கு மொதல்லயே தெரியும்லா,” என்றார் வள்ளியம்மா. மூவரும் அங்கேயே நின்று சிரித்ததாக அழகேசன் சொல்கிறார். குறிப்பேட்டில் அது இல்லை.

ஜூன் மாதம் வந்த இறுதிப் பட்டியலில் பத்தொன்பது பெண்களின் பெயர்களும் இருந்தன. அதன் பிறகு சுங்கை பெசாரிலிருந்தும் பிற தோட்டங்களிலிருந்தும் அகலமான பட்டியல்கள் டொரீனைத் தேடி வந்தன. வருவோர்க்கெல்லாம் அவர் முதலில் கேட்ட கேள்வி, எத்தனை பத்தி என்பதே. எட்டுக்குள் என்றால் நிமிர்ந்த தாள்; மேற்பட்டால் குறுக்குத் தாள். எதுவானாலும் பெயரும் விவரமும் பிரியக் கூடாது என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

வீடுகள் கட்டி முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சாவி வழங்கும் நாளுக்கான பட்டியலை அச்சிட்டுத் தருமாறு அழகேசன் கேட்டார். வீட்டு எண், பெயர், அடையாள அட்டை, கையொப்பம் உட்படப் பத்துப் பத்திகள். வள்ளியம்மாவின் பெயர் இரண்டாம் தாளில், ஐந்தாம் வரியில் இருந்தது. அந்தத் தாள்களைக் குறுக்காக இட்டு, 49 என்று பக்க நீளம் கொடுத்து, டொரீன் அச்சிட்டு முடித்தார். அதற்கு மறுவாரம் கண்ணில் புரை முற்றியதால் கடையை விட்டு விலகினார். குறிப்பேட்டில் அவர் கையெழுத்தில் உள்ள கடைசிப் பதிவு அந்த வேலையே: 1989 செப்டம்பர் 14, வியாழக்கிழமை.