பட்டிக்குக் கீழே

வாப்பா மவுத்தாவதற்கு முன்பே தன் பழைய அம்பாசிடரை எனக்கென்று கொடுத்துவிட்டார். வீட்டில் அதை ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கீழக்கரையின் உப்புக்காற்று அதன் அடித்தகட்டைத் தின்றுகொண்டிருந்தது. போன வருடம், துருப்பிடித்த இடத்தையெல்லாம் வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்கச் சொல்லி ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த தம்பி, "நான் போயி பாத்துக்கிறேன் லாத்தா" என்றான்.

வண்டி பளபளவென்று வந்தது. சில நாளில் உம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் பெரியபட்டினம் போனேன். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் கதவுக்கடியில் ஏதோ பாளமாக உதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டிப் பசை காய்ந்திருந்தது, மேலே பெயிண்ட். உம்மாவின் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினேன். ஓட்டை வழியே தார்ரோடு தெரிந்தது.

உம்மாவைச் சொந்தக்காரர் வீட்டில் இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"தகடு எங்க?"

பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க தம்பிதாம்மா, விக்கப்போற வண்டிதானே, வெல்டிங் வேணாம், பட்டி போட்டு மூடிருங்கன்னாரு."

"வண்டி என்னோடது. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ஆம்பள வந்து சொல்லும்போது..." என்று இழுத்தார்.

அங்கிருந்தே தம்பியைப் போனில் பிடித்தேன்.

"மதுரையில ஒருத்தரு வண்டிய வெலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு லாத்தா. பாக்க நல்லா இருந்தாப் போதும்."

"அவரு பிள்ளைக அதுல உக்காராதா? உம்மா கால் ஓட்டைக்குள்ள போயிருந்தா?"

"அப்படியெல்லாம் ஆகாது."

போனை வைத்துவிட்டேன்.

அதே பட்டறைக்காரரையே மறுபடி வெல்டிங் செய்யச் சொன்னேன். தீப்பிடிக்காமலிருக்கச் சீட்டையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றவைத்து, வேலை முடிகிறவரை தினமும் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பட்டியைச் சுரண்டச் சுரண்டத் துரு செதில் செதிலாகக் கொட்டியது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டச் சொன்னேன். சூட்டில் தகடு நெளியாதபடி அவர் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தார். வேலை தெரியாதவர் என்றால்கூட மனம் ஆறியிருக்கும். தெரிந்தே மூடியிருக்கிறார்.

மதுரைக்காரர் வந்தபோது, விற்பதற்கில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். அதன்பின் தம்பி என்னோடு பேசவில்லை. அவன் துபாய்க்குக் கிளம்பிய அன்று உம்மா, "கூடப்பொறந்தவன், ஏர்போட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வாம்மா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. வாடகைக் காரில் போனான்.

இப்போது போனில் நலம் விசாரிக்கிறான். நானும் நன்றாயிருக்கிறேன் என்கிறேன். செய்தது தப்பு என்று இதுவரை அவன் வாயிலிருந்து வரவில்லை. எனக்கும் கோபம் தணியவில்லை.