பிள்ளையார் சுழி இல்லாத கீபோர்டு

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அங்கே வேல்ராஜ் கடை என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். வாழைத்தார், சோடா, ரொட்டி, ஷாம்பு பாக்கெட், ரீசார்ஜ் எல்லாம் உண்டு. நிலக்கரித் தூசி இலவசம். மிட்டாய்ப் பாட்டில்களை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைக்கிற மனிதர், தன் கல்யாண விஷயத்தில் மட்டும் நாற்பத்தொரு வயதுவரை தூசி படிய விட்டுவிட்டார்.

அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வந்து கடை போட்ட அப்பா, இவருக்கு இருபது வயதாகும்போது கண்ணை மூடிவிட்டார். கீழே மூன்று தங்கச்சிகள். ஒவ்வொருத்திக்கும் மாப்பிள்ளை பார்த்து, பந்தலில் ஓடியாடி, சீர்வரிசை கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தலையில் பாதி நரைத்திருந்தது. மூன்று கல்யாணத்துக்கும் சாமான் லிஸ்ட் எழுதியது அவர்தான். உச்சியில் உ என்று பிள்ளையார் சுழி, அதன் கீழே முதல் வரி மஞ்சள், இரண்டாவது வரி உப்பு, அப்புறம்தான் அரிசி பருப்பெல்லாம். அந்த வரிசை மாறினால் அவருக்குச் சோறு இறங்காது.

சுழி விஷயத்தில் மனிதர் கொஞ்சம் கூடுதல்தான். அது இல்லாமல் ஓர் எழுத்து எழுதமாட்டார். போட்டதும் காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். டிரைவர் யாராவது ஒரு போன் நம்பர் கேட்டால்கூட பிஸ்கட் அட்டையைக் கிழித்து, சுழி போட்டு, கண்ணில் ஒற்றி, அதற்குப் பிறகுதான் நம்பர். அதற்குள் முன்னால் நிற்கிற லாரி நகர்ந்துவிடும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் பக்கத்துக்கு ஒரு சுழி போட்டுக் கடைசிக் கணக்கைத் தொடாமலே வந்தவர். ஒருமுறை பேங்க் ஃபாரத்தில் பெயருக்கு விட்டிருந்த முதல் கட்டத்திலேயே சுழி போட்டுவிட்டார். வேறு ஃபாரம் கொடுத்தார்கள். அதிலும் போட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த செல்போனில் இங்கிலீஷ் கீபோர்டு மட்டும்தான் இருந்தது. அதில் உ ஏது? ஆகையால் மூன்று வருடமாக அவர் ஒரு வரிகூட அடித்ததில்லை. யார் எது அனுப்பினாலும் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவார். அது எழுத்தில் சேராது, தலையாட்டுவதோடு சரி என்பது அவர் கட்சி. கடைக்கு வேண்டிய மசாலாப் பொடிக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை தோறும் தாளில் லிஸ்ட் எழுதி, அதைப் போட்டோ எடுத்து, ஆறுமுகநேரியில் மில் நடத்துகிற பிரேமாவுக்கு அனுப்பிவிடுவார்.

பிரேமாவுக்கு முப்பத்தேழு வயது. அப்பா போனபின் நொடித்துக் கிடந்த மில்லைத் தனியாளாக நிமிர்த்தியவள். வேல்ராஜின் கோழிக் கிறுக்கலோடு ஆறு வருடமாக மல்லுக்கட்டுகிறவள். ஒரு தடவை அவர் லிஸ்டைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விக்குறி மட்டும் அனுப்பினாள். அதை அவர் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்வார். கேள்விக்குறியைப் பார்த்துச் சிரிக்கிற மனுஷனுக்கு என்ன நோய் என்று நமக்குத் தெரியாதா?

போன ஞாயிற்றுக்கிழமை பிரேமாவின் அண்ணன் லிங்கராஜ் கடைக்கு வந்து ஒரு சோடா குடித்தார். குடித்து முடித்ததும் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். தங்கச்சிக்குத் திருப்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அவள் மனசு என்னவோ இந்தக் கடைப் பக்கம்தான் சாய்கிறது. உங்களுக்கு எப்படி என்று கேட்டுவிட்டார். வேல்ராஜ் காலி சோடா பாட்டிலை வாங்கித் துடைத்துக்கொண்டே நின்றார்.

லிங்கராஜ் சிரித்தபடி எழுந்தார்.

"எங்கிட்ட சொல்ல வேண்டாம் அண்ணாச்சி, அவகிட்டயே சொல்லிருங்க. ஆனா பேப்பர்ல எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பக் கூடாதாம். மசாலா லிஸ்டுன்னா தப்பா வாசிச்சாலும் போகுது, இத தப்பா வாசிக்க முடியாதுன்னு சொல்லுதா. போன்ல பேசவும் வேண்டாமாம், ரெண்டு பக்கமும் ஆளு நிக்கும். டைப் பண்ணி அனுப்பச் சொல்லுதா."

அன்றிலிருந்து ஐந்து நாள் வேல்ராஜுக்குத் தூக்கம் அரைகுறைதான். சம்மதமா என்று கேட்கவே வேண்டாம். ஆறு வருடமாக உள்ளுக்குள் ஆசைதான். எழுத வேண்டிய வாசகத்தை நான்கு பிஸ்கட் அட்டைகளில் எழுதியும் பார்த்துவிட்டார். ஆனால் மசாலாப் பொடிக்கே சுழி போடுகிறவர், கல்யாணச் சேதியைச் சுழி இல்லாமல் மொட்டையாக எப்படி அனுப்புவார்? இங்கிலீஷில் யூ என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று மனசு ஒரு குறுக்குவழி சொன்னது. பிள்ளையார் என்ன கான்வென்டிலா படித்தார் என்று அந்த மனசையே அதட்டி உட்கார வைத்தார்.

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. காலை பத்து மணிக்குத் தருவைகுளத்து மாரிச்செல்வம் தன் கண்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டுப் பழம் தின்ன வந்தார். பதினைந்து வருடப் பழக்கம். வேல்ராஜ் போனை அவர் கையில் கொடுத்து, இதில் தமிழ் எழுத்து வரவைக்க முடியுமா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

மாரிச்செல்வம் பழத்தோலை ஓரமாகப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். போனோடு வந்த கீபோர்டில் தமிழே இல்லை என்று கண்டுபிடித்தார். ப்ளே ஸ்டோரில் வேறொரு தமிழ் கீபோர்டைத் தேடி இறக்கினார். செட்டிங்ஸுக்குள் போய், மொழிக்கான பக்கத்தைத் திறந்து, அதற்குள் கீபோர்டுகளின் பட்டியலைப் பிடித்து, புதிதாக வந்ததற்கு எதிரே இருந்த பொத்தானைத் தள்ளினார். உடனே ஓர் எச்சரிக்கை குதித்து வந்தது. நீங்கள் அடிக்கிற எழுத்து அத்தனையையும் இந்தக் கீபோர்டு சேகரிக்கக்கூடும், பாஸ்வேர்டு உட்பட, சம்மதமா என்று அது கேட்பதாக மாரிச்செல்வம் வாசித்துச் சொன்னார்.

வேல்ராஜுக்குப் பகீரென்றது. "ஏலே மாரி, அத்தனையையுமா? பொண்ணுக்கு எழுதுறதையும் சேத்தா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாரிச்செல்வம் போனிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். எந்தப் பொண்ணு, என்ன விவரம் என்று எதுவும் கேட்கவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு மட்டும் வந்தது.

"இத்தன வருஷமா நீங்க எழுதவே இல்ல அண்ணாச்சி, அது எதச் சேகரிக்கும்? எல்லா கீபோர்டுக்கும் இப்படித்தான் கேக்கும். அமுக்குங்க."

அமுக்கினார். இனி எழுதும்போது கீழே மூலையில் தெரிகிற கீபோர்டு படத்தைத் தொட்டு, பழையதை விட்டுப் புதியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்று மாரிச்செல்வம் ஒரு தடவை செய்தும் காட்டினார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. மீதிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு லாரிக்கு ஓடினார்.

கடையில் யாரும் இல்லை. வேல்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் பிரேமாவின் பக்கத்தைத் திறந்தார். கீபோர்டு படத்தைத் தொட்டு மாற்றினார். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, அ, ஆ, இ, ஈ என்று தமிழ் வந்து வரிசையில் நின்றது. ஐந்தாவதாக உ. மூன்று வருடம் இல்லாமல் தவித்த எழுத்து இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது என்று நினைத்ததும் கண் லேசாகக் கலங்கிவிட்டது. தொட்டார். திரையில் உ விழுந்தது.

எழுதியது தாளாக இருந்தால் என்ன, போனாக இருந்தால் என்ன? கை தன் பழக்கத்தைச் செய்தது. இரண்டு கையாலும் போனைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எடுத்துப் பார்த்தால் உ கட்டத்துக்குள் இல்லை. மேலே போய்விட்டது. கண்ணில் ஒற்றுகிற பக்தியில் வலது கட்டைவிரல் பச்சை அம்புக்குறியை அமுக்கியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு டிக்கும் நீலமாயின.

அவர் அவசரமாக அந்த எழுத்தின் மேல் விரலை அழுத்தினார். அழிக்கலாம் என்று குப்பைத்தொட்டிப் படம் ஒன்று வந்தது. விரல் அதன் பக்கம் போய் அப்படியே நின்றது. பிள்ளையார் சுழியை அழிப்பதா? அதுவும் கல்யாணச் சேதிக்குப் போட்டதையா? அவர் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். வாசகத்தையாவது அடிப்போம் என்றால், அட்டையில் நான்கு தடவை எழுதியதில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. அட்டைகளைத் தேடினார். ஒன்றில் யாருக்கோ போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். மற்ற மூன்றும் எங்கே போயினவோ தெரியவில்லை. இதற்கிடையில் ஒருவர் வந்து சோடா கேட்டார். வேல்ராஜ் ஷாம்பு பாக்கெட்டைக் கொடுத்தார்.

எழுத்தை அனுப்பிவிட்டு அடுத்த வார்த்தை சொல்லத் தெரியாதவன் என்று அவள் நினைப்பாள். சாயங்காலம் திருப்பூர்க்காரருக்குச் சரி என்று சொல்லிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை லிஸ்டை இனி யாருக்கு அனுப்புவது? அதற்குள் பிரேமா ஏதோ அடிப்பதாகத் திரை காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது.

முதலில் ஒரே ஒரு சொல் வந்தது. மஞ்சள்.

அதன் கீழே இன்னொன்று வந்தது. "கல்யாண லிஸ்ட்தானே? நீங்க சுழி போட்டாச்சு, மொத வரிய நான் எழுதிட்டேன். ரெண்டாவது வரி நீங்க எழுதுங்க."

வேல்ராஜ் அதை மூன்று தடவை வாசித்தார். போனைக் கண்ணில் ஒற்றப் போய், நல்லவேளையாகப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மூன்று தங்கச்சிகளுக்கும் எழுதிய லிஸ்ட்தான். மஞ்சளுக்கு அடுத்து உப்பு. ஆனால் இது அவருடைய கல்யாணம். தேடித் திண்டாட வேண்டியிருக்கவில்லை. முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்கு இப்போது தெரியும்.