ஆடுகளோடு ஆடாக

மைசூர் விஜயநகரில் நாங்கள் குடிபோன புதிதில், எங்கள் தெருவில் வீடுகளைவிடக் காலி சைட்டுகளே அதிகம். மழைக்குப் புல் வளர்ந்துவிட்டால் ஆட்டு மந்தைகள் வந்துவிடும். அப்போது எனக்கு எட்டு வயது. விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சித்தி எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குத் தெரியாத பிராணி கிடையாது; நாயைத் தவிர வேறெதற்கும் அவள் பயந்ததும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தயிர் வாங்கிக்கொண்டு இருவரும் சைட்டின் குறுக்கே வந்துகொண்டிருந்தோம். பாதி கட்டி நின்ற வீட்டுக்குள்ளிருந்து மூன்று நாய்கள் பாய்ந்து வந்தன. நான் ஓடப் பார்த்தேன். சித்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடாதடி! ஆட்டுக்குள்ள வா!"

அங்கே மேய்ந்துகொண்டிருந்த மந்தைக்குள் புகுந்தோம். சிதறி நின்ற ஆடுகளெல்லாம் அதற்குள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றும் தலையைக் குனிந்துகொண்டு நடுவே நுழையப் பார்த்தது. முட்டிய முட்டில் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு வந்துவிட்டோம். சித்தி என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். தூக்குவாளியிலிருந்த தயிர் ஒரு கிடாயின் முதுகில் வழிந்தது. எதைப் பிடிப்பதென்று தெரியாமல் நாய்கள் சுற்றிச்சுற்றி வந்தன.

"ஹச்சா! ஹச்சா!" என்று கோலை வீசிக்கொண்டு ஆடு மேய்ப்பவர் ஓடிவந்த பிறகுதான் நாய்கள் விலகின. எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏனம்மா, நீவூ குரியா?"

நாங்களும் ஆடுதானா என்று கேட்கிறார்! கன்னடத்தில் வெளுத்துக்கட்டும் சித்தி அன்று காலி வாளியை மூடிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

வீட்டில் தயிரில்லாத சாப்பாட்டின்போது சித்தி பாடமே நடத்தினாள். கூட்டமாக இருந்தால் கண்கள் அதிகம், ஆபத்தை ஏதாவது ஒன்று பார்த்துவிடும், துரத்துவதற்கு எதைக் குறிவைப்பதென்று எதிரிக்கும் குழப்பம் என்றாள்.

"அதெல்லாம் சரி, தயிர் எங்கே?" என்றார் அப்பா.

"அப்புறம் ஏன் சித்தி எல்லா ஆடும் நடுவுல போகப் பாத்துது?" என்றேன் நான்.

"பேசாம சாப்பிடு" என்றாள் சித்தி.

மறுநாள் பள்ளியில் ஆடுகளையும் சித்தியையும் வாயாரப் புகழ்ந்தேன். ஆடுகள் எங்களைச் சுற்றி நின்று காத்தன, சித்தி என்னை விடாமல் அணைத்துக்கொண்டாள் என்று சொன்னேன். எனக்கும் நாய்க்கும் நடுவே ஒரு ஆடுகூட இல்லை என்பதோ, சித்தி என்னை அணைத்திருந்தது என் முதுகுக்குப் பின்னாலிருந்து என்பதோ அப்போது எனக்கு உறைக்கவில்லை.