கூரையில் தொங்கிய அடுப்பு

கிடங்கில் அவருக்கு அட்டைக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பீங்கான், டிவி, மீன்தொட்டி, ஆளுயரக் கண்ணாடி என்று வீடு மாறிப் போகிற சாமான்களுக்கெல்லாம் அட்டை வெட்டி, மடித்து, உறை போட்டு அனுப்புவது அவர் வேலை. அவர் கட்டிய பெட்டியை மாடியிலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே இருக்கிற முட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை அவர் காதில் விழுந்ததில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டியைப் பிரிப்பவர்கள் கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அட்டை நேராகக் குப்பைக்குப் போகும்.

அட்டையையும் பார்த்த ஒரே மனிதர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஓயாதவர். சங்கத்துக்குச் சொந்தமான ஹாலில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கண்காட்சி நடத்துவார். பரிசு கிடையாது, தலைமை விருந்தினர் கிடையாது, தலையும் கிடையாது, வாலும் கிடையாது. ஒரு வருஷம் ஹால் முழுக்கக் கிழிந்த குடைகளால் ஒரு காடு. இன்னொரு வருஷம் எறும்பின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று பார்ப்பதற்காக, அலமாரி அளவுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி. கிறுக்குக் கூட்டம் என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். அந்தச் சர்க்கரைக் கட்டியும், அதைத் தூக்கிய எறும்பும், குடைக்காட்டின் மரங்களும் அட்டைக்காரர் கைவேலை. காசுக்காகச் செய்யவில்லை. ஹாலில் யாராவது வாயைப் பிளந்துகொண்டு நின்றால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

வீட்டில் மட்டும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரே அறை, அதில் ஒரு மூலைதான் சமையல்கட்டு. எறும்பு செய்த வருஷம் அதன் ஆறு கால்களும் கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் கிடந்தன. "எறும்புக்குக் கால் நீட்ட இடம் இருக்கு, எனக்குத்தான் இல்ல" என்றாள் மனைவி. அவள் ஆயத்த ஆடை கம்பெனியில் தைத்து வருகிற சட்டைகளில் குறை கண்டுபிடிக்கிற வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் குறையாகப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலாவது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும்.

அவளுக்கு ஓர் அண்ணன். தச்சர், சொந்தப் பட்டறை வைத்திருந்தார். தங்கை தன் விருப்பத்துக்கு ஒரு பெட்டி கட்டுகிறவனைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு மனத்தாங்கல். கொஞ்ச காலம் பேசவில்லை. பிறகு ஒருநாள், பேசுவதற்குப் பதிலாக, ஒரு டிரெஸ்ஸிங் டேபிளைச் செய்து வண்டியில் ஏற்றி அனுப்பினார். நல்ல மரம். இழுப்பறைகள் விரலால் தொட்டாலே திறக்கும். கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் ஒரே ஓர் இலை செதுக்கியிருந்தார், நுனி உள்பக்கமாகச் சுருண்ட இலை. தான் மனசு வைத்துச் செய்கிற சாமானில் மட்டும் அந்த இலையைச் செதுக்குவது அவர் வழக்கம்.

அதைப் பார்த்து அவள் அன்றைக்கு அழுத அழுகை அட்டைக்காரருக்கு நினைவிருக்கிறது. அதற்கடுத்து வீடு மாறியபோது கண்ணாடி உடைந்ததும் நினைவிருக்கிறது. ஊரார் வீட்டுக் கண்ணாடிக்கெல்லாம் கீறல் படாமல் உறை போட்டவர், சொந்த வீட்டுக் கண்ணாடியைக் கடைசியில் மிச்சம் இருந்த அட்டையில் சுற்றினார். புது வீட்டில் அடுப்பு வைக்க மேடை இல்லை. டிரெஸ்ஸிங் டேபிள் இடுப்பு உயரத்தில் வாகாக இருந்தது. இப்போதைக்கு என்று சொல்லித்தான் அடுப்பை அதன்மேல் வைத்தார்கள். அந்த இப்போதைக்கு முடியவே இல்லை. காலிச் சட்டத்தில் ஆணி அடித்துக் கரண்டிகளை மாட்டினார்கள். இழுப்பறையில் மிளகாய்ப்பொடி ஏறியது. இலையின் நுனி தீயில் கருகியது.

அண்ணனிடம் அவள் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. "தெனமும் அதுல பாத்துத்தான் தலை வாருறேன்ணா" என்று போனில் சொல்வாள். பார்க்க வருகிறேன் என்று அவர் கிளம்பும்போதெல்லாம் ஒரு காரணம் தயாராக இருக்கும். இவர் ஷிப்டில் இருக்கிறார், குழாயில் தண்ணீர் இல்லை, மாடிப்படி ரிப்பேர் ஆகிறது. மாடிப்படி மட்டும் வருஷக்கணக்காக ரிப்பேரில் இருந்தது. பார்க்க வேண்டுமென்றால் அவளே அண்ணன் வீட்டுக்குப் போவாள், இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு. சொந்தக்காரர்கள் முன்னால் அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு மரியாதைதான். அதை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

இந்த வருஷம் செயலாளருக்குத் தோன்றியது ஒரு தலைகீழ் வீடு. ஹாலின் கூரை நல்ல உயரம். அந்தக் கூரைதான் தரை. கட்டில், பீரோ, வாளி எல்லாம் கால் மேலே, தலை கீழே என்று அங்கிருந்து தொங்கும், உயரமான சாமான்களைக் கையைத் தூக்கினால் தொடலாம். வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி. அதை மூக்குக்குக் கீழே மட்டமாகப் பிடித்து, அதற்குள் பார்த்துக்கொண்டே நடந்தால் வீடு நிமிர்ந்துவிடும். கட்டிலைச் சுற்றிக்கொண்டு, பீரோவைத் தாண்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வீட்டுக்குள் புகுந்து நடப்பதுபோல இருக்கும். ஜனங்கள் தலைக்கு மேலே தொங்குவதால் எதிலும் கனம் கூடாது. அட்டையும் காகிதக் கூழும் பசையும்தான்.

"சினிமா வீடு மாதிரி வேணாம்யா, ஜனங்க குடியிருக்கிற வீடா இருக்கணும்" என்றார் செயலாளர்.

அளவெடுக்க அட்டைக்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? மனைவி வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத் தன் வீட்டையே அளந்தார். ஒரு சாமானைப் பார்த்தால் எந்த மூலை துருத்துகிறது, எந்த இடம் தாங்காது என்றுதான் அவர் கண் போகும். கிடங்கில் பழகிய கண் அது. யாருடைய சாமான், அது யாருக்கு என்ன என்பதெல்லாம் உறை போடுகிறவருக்குத் தேவைப்படாத சங்கதி. கட்டிலின் ஒரு காலுக்குக் கீழே செங்கல் இருந்தது, செங்கலும் செய்தார். பீரோக் கதவு தானாகத் திறக்காமல் இருக்க மடித்துச் செருகிய காகிதம், சூடுபட்டு உருகிய வாளி விளிம்பு, கண்ணாடி இல்லாத சட்டம், அதில் கரண்டிகள், இழுப்பறையின் மஞ்சள் கறை, டிரெஸ்ஸிங் டேபிள்மேல் அடுப்பு. ஒன்றையும் விடவில்லை. ஹாலின் பின்பக்கக் கொட்டகையில் வைத்தே செய்ததால், வீட்டில் ஒரு துண்டு அட்டைகூட இல்லாததில் மனைவிக்கு நிம்மதி. என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்கவும் இல்லை.

அடுப்பைப் பார்த்துச் செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "டிரெஸ்ஸிங் டேபிள் மேல அடுப்பு! எப்படிய்யா இதெல்லாம் உனக்குத் தோணுது?"

அட்டைக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோன்றியதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மச்சானைக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. பெட்டி கட்டுகிறவன் என்று ஒதுக்கி வைத்த மனிதர் வந்து பார்க்கட்டும். கைவேலை தெரிந்தவருக்குத்தான் கைவேலை புரியும். மனைவி முதலில் தயங்கினாள்.

"ஹால்லதானே? வீட்டுக்கு இல்லையே?"

"ஹால்லதான். பாத்துட்டு அங்கயே காபி குடிச்சிட்டுப் போகட்டும்."

அவளே போன் செய்து கூப்பிட்டாள். அண்ணனை இந்தத் தெருவுக்கு அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அவள் அந்த நல்ல புடவையில் வாசலில் நின்று வரவேற்றாள். ஆளுக்கொரு கண்ணாடி வாங்கிக்கொண்டு நான்கு பேரும் உள்ளே போனார்கள். ஹால் முழுக்க ஜனங்கள் மூக்குக்குக் கீழே கண்ணாடியை ஏந்திக்கொண்டு, இல்லாத கட்டிலில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்துகொண்டிருந்தார்கள். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கட்டிலுக்கடியில் செங்கலைப் பார்த்துச் சிரித்தாள். வாளியைப் பார்த்துச் சிரித்தாள். கூடவே நாத்தனாரும் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மனைவி செங்கலைப் பார்த்தபோதே நின்றுவிட்டாள். உலகத்தில் எத்தனையோ கட்டில், எத்தனையோ செங்கல் என்று ஒரு நிமிஷம் அவள் தன்னையே ஏமாற்றிப் பார்த்திருக்கலாம். கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். பீரோவும் அதில் செருகிய காகிதமும் வந்தன. அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே வாயைப் பிளக்கப்போகிறார் என்று.

"ஐயோ, இதப் பாருங்களேன்" என்று அண்ணி புருஷனின் தோளைத் தட்டினாள். "யாரோ டிரெஸ்ஸிங் டேபிள்ல அடுப்ப வச்சு சமைக்கிறாங்க. பவுடர் போட்டுக்கிட்டே தாளிப்பாங்க போல."

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும்.

அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தாழ்த்திவிட்டு, கழுத்தை நிமிர்த்தி, நேராகக் கூரையைப் பார்த்தார். கையைத் தூக்கிச் சட்டத்தின் ஓரத்தைத் தடவினார். நுனி உள்பக்கமாகச் சுருண்ட இலை. கருகலைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இந்தக் கருப்பு எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அட்டைக்காரர் காத்திருந்தார். "பெயின்ட்தான் மச்சான். பிரஷ்ல போட்டா திட்டுத் திட்டாத் தெரியும். பஞ்சுல தொட்டுத் தொட்டு ஒத்தி எடுத்தேன். சூடுபட்ட மாதிரியே இருக்கா?"

"அதக் கேக்கல. வீட்ல எப்படி வந்துச்சு?"

அப்போதுதான் அட்டைக்காரருக்கு உறைத்தது. எத்தனை நாள் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து அதன் நரம்பை எண்ணி எண்ணிக் குறித்திருப்பார்! அது மச்சான் கையில் பிறந்த இலை என்பதும், அதை மச்சான் வந்து பார்க்கப்போகிறார் என்பதும் அவர் மண்டைக்குள் தனித்தனியாகக் கிடந்தனவே தவிர ஒருமுறைகூட ஒன்றையொன்று தொடவில்லை. மனைவியின் முகம் செத்துப்போயிருந்தது. அண்ணி ஏன் எல்லாரும் பேசாமல் நிற்கிறார்கள் என்று மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்ததைவிட அது மோசமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். இந்த வீட்டை அங்குலம் அங்குலமாகக் கற்பனை செய்த கலைஞர் நம் தெருவிலேயே இருக்கிறார், முன்னால் வர வேண்டும் என்றார். ஜனங்கள் அட்டைக்காரரைத் தேடிப்பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவர் வாழ்க்கையில் அவருக்காக ஒரு ஹால் முழுக்கக் கைதட்டியது அன்றைக்குத்தான். தலைக்கு மேலே அவர் வீடு தொங்கியது. கீழே மனைவியும் கைதட்டிக்கொண்டிருந்தாள், கம்பெனியில் பட்டன் பரிசோதிக்கிற மாதிரி, ஒரே சீராக.

அண்ணன் காபி குடித்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தங்கையைப் பார்த்தார்.

"மாடிப்படி ரிப்பேர் முடிஞ்சா சொல்லும்மா. வரேன்."

அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் புடவையை மாற்றிக்கொண்டு, அடுப்பைத் தூக்கித் தரையில் வைத்தாள். ஆணிகளைப் பிடுங்கினாள். இழுப்பறைகளைக் கவிழ்த்துக் கழுவினாள். பிறகு ஈரத்துணியால் அந்த இலையைத் துடைத்தாள். கருகல் போகவில்லை. பெயின்ட் என்றால் போயிருக்கும்.

"அத்தனையும் அளந்தீங்களே" என்றாள், திரும்பாமல். "அசிங்கம்னு ஒண்ணுமே தோணலையா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை. "அளவு சரியா வந்துச்சான்னுதான் பாத்தேன்" என்றார்.

அதன் பிறகு அவள் தரையில் உட்கார்ந்துதான் சமைத்தாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. எழும்போதெல்லாம் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் காற்றைப் பிடித்துக்கொண்டு எழுவாள், பக்கத்திலேயே இருந்தாலும் டிரெஸ்ஸிங் டேபிளைப் பிடித்துக்கொள்ள மாட்டாள். அது துடைத்துவைத்தபடி, மேலே ஒன்றும் இல்லாமல், அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணனுக்கு இப்போது அவள் போன் செய்வதில்லை. அவரும் செய்வதில்லை. காரணம் சொல்லித் தடுக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது.

கண்காட்சி பிரித்த பிறகு கட்டிலையும் பீரோவையும் யார் யாரோ ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். டிரெஸ்ஸிங் டேபிள் மட்டும் கொட்டகையில் கிடந்தது. அடுத்த வருஷத்துக்கு ஏதாவது யோசித்தாயா என்று செயலாளர் கேட்டபோது, அட்டைக்காரர் அதைக் காலால் மிதித்து மடித்துக்கொண்டிருந்தார்.

அன்று கிடங்கிலிருந்து சில பலகைகளைக் கொண்டுபோய் அடுப்புக்கு ஒரு மேடை செய்து பார்த்தார். மரம் அவர் கைக்குப் பழக்கம் இல்லை. ஆணி அடித்த இடம் பிளந்தது, ஒரு கால் குட்டையாகிப்போனது. அதற்கு அடியில் வைக்கச் செங்கல் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம். எடுத்துடுங்க" என்றாள்.

பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டினார். பழக்கதோஷத்தில், முடிச்சு மிக நன்றாக விழுந்தது.